குப்பைக்குப் போகும் கண்ணாடி

சூரியனிடமிருந்து மின்சாரம் எடுக்கும் காரியத்தில் நமது தேசம் இன்று உலகத்தின் முன்வரிசையில் நிற்கிறது. 2010ம் வருஷம் ஜனவரி மாதத்தில் இந்திய சர்க்கார் தேசீய சூரியசக்தித் திட்டத்தைத் துவக்கியபோது, 2022ம் வருஷத்திற்குள் 20 கிகாவாட் எட்டவேண்டுமென்றே குறி வைத்தார்கள். 2025ம் வருஷம் ஜனவரி மாத முடிவில் அது 100 கிகாவாட்டைத் தாண்டிவிட்டது. ராஜஸ்தானத்தில் பட்லா, கர்நாடகத்தில் பாவகடா, நமது ராமநாதபுரம் ஜில்லாவில் கமுதி ஆகிய இடங்களில், மழையை எதிர்பார்த்துக் காய்ந்து கிடந்த பூமியில் இன்று நெடுந்தூரத்துக்கு நீலத் தகடுகள் வெயிலை நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. இதைக் கண்டு நாம் பெருமைப்படுவது நியாயமே. ஆனால் அத்துடன் நின்றுவிடாமல், மற்றொரு கேள்வியையும் இப்போதே கேட்டுக்கொள்வது விவேகமாகும். ஆயுள் முடிந்த தகடுகள் எங்கே போகப்போகின்றன?

சூரிய மின்தகடு, அதாவது ஜனங்கள் சோலார் பேனல் என்று சொல்லும் வஸ்து, சுமார் 25 வருஷம் உழைக்கும் என்பது கணக்கு. ஆயினும் எல்லாத் தகடுகளும் அவ்வளவு காலம் நிலைப்பதில்லை. ஏற்றி இறக்கும்போது உடைபவை சில. புயலிலும் ஆலங்கட்டி மழையிலும் சிதைபவை சில. செய்நேர்த்திக் குறைவால் நடுவயதிலேயே சோர்ந்துபோகிறவை வேறு சில. எரிசக்தி, சுற்றுச்சூழல், நீர் ஆகியவை பற்றி ஆராயும் டில்லிக் கவுன்சில் 2024ம் வருஷம் மார்ச் மாதத்தில் வெளியிட்ட மதிப்பின்படி, 2023 மார்ச் வரையில் நிறுவப்பட்ட தகடுகளிலிருந்து மட்டும் 2030க்குள் 3 லட்சத்து 40 ஆயிரம் டன் கழிவு சேரும். அதில் மூன்றில் இரண்டு பங்கு ராஜஸ்தானம், குஜராத், கர்நாடகம், தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய ஐந்து ராஜ்யங்களில் விழும். பின்னால் நிறுவப்படுபவற்றையும் சேர்த்துப் பார்த்தால், 2050ம் வருஷத்துக்குள் மொத்தம் 1 கோடியே 90 லட்சம் டன் ஆகும். இது தூரத்து விஷயமன்று. நமது வாசலுக்கு வந்துகொண்டிருக்கும் விஷயம்.

இந்தக் கழிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதிலுள்ள வெள்ளியைப் பற்றியும் சிலிக்கனைப் பற்றியுமே பேசுகிறார்கள். வெள்ளி விலையுயர்ந்தது, ஆகையால் பேச்சு அதைச் சுற்றியே வருவது இயல்பு. ஆனால் ஒரு தகட்டைத் தராசில் வைத்துப் பார்த்தால் வேறு உண்மை தெரியும். ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிக நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள பழைய ரகத் தகடு ஒன்று ஏறக்குறைய 18 கிலோ எடை இருக்கும். அதன் முகத்திலுள்ள 3.2 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி மட்டும் சுமார் 13 கிலோ. மிச்சத்தில் பெரும் பகுதி அலுமினியச் சட்டம். சிலிக்கன் 100க்கு மூன்று நான்கு பங்கு. வெள்ளியோ ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே, தகட்டுக் கழிவு என்ற பிரச்னை எடையளவில் கண்ணாடிப் பிரச்னையே ஆகும். வெள்ளிக்கு நாதியுண்டு; அலுமினியத்தைக் காயலான் கடைக்காரர்களே ஆவலுடன் வாங்கிக்கொள்வார்கள். கண்ணாடிக்குத்தான் பரிந்து பேசுவார் இல்லை. அந்தக் குறையைக் கொஞ்சம் நிவர்த்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது எவ்வகைக் கண்ணாடி?

"உடைந்த கண்ணாடிதானே, உருக்கினால் மறுபடியும் கண்ணாடி ஆகிவிடாதோ?" என்று நேயர்கள் கேட்கலாம். ஜன்னல் கண்ணாடியும், சீசாவும், சூரியத் தகட்டின் கண்ணாடியும் ஒரே குலத்தைச் சேர்ந்தவையே. மூன்றிலும் 100க்கு 70 பங்குக்கு மேல் மணலின் சாரமான சிலிகா. மற்றவை பெரும்பாலும் சோடாவும் சுண்ணாம்பும். ஆனால் குலம் ஒன்றாயினும் குணம் ஒன்றன்று. சூரியத் தகட்டின் கண்ணாடியைத் தனியாக நிறுத்துவது அதில் இருப்பது மட்டுமன்று. அதில் இல்லாததும் ஆகும். இல்லாத அந்தப் பொருள் இரும்பு.

சாதாரண ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தை உற்று நோக்கினால் பசுமை நிறம் தெரியும். அது மணலோடு கூட வந்த இரும்பின் அடையாளம். ஜன்னல் கண்ணாடியில் ஒரு டன்னுக்கு ஒரு கிலோ வரையில் இரும்பு ஆக்ஸைடு இருப்பதுண்டு. சூரியக் கண்ணாடியிலோ அது சுமார் 120 கிராம் அளவிலேயே இருக்கவேண்டும். காரணம் யாதெனில், இரும்பு கண்ணாடிக்குள் இரண்டு நிலைகளில் வாழ்கிறது. பிராணவாயு குறைந்த பெரஸ் நிலையில் இருக்கும் இரும்பு, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களை விழுங்குகிறது. சிலிக்கன் மின்சாரமாக மாற்றக்கூடிய கதிர்களில் ஒரு பகுதி அந்த இடத்திலேயே இருக்கிறது. பிராணவாயு மிகுந்த பெரிக் நிலையில் இருக்கும் இரும்போ, ஊதாக் கதிர்களை மாத்திரம் சிறிதளவு தடுத்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடுகிறது. ஆகவே கண்ணாடி செய்கிறவர் இரண்டு காரியம் செய்யவேண்டும். இரும்பு மிகக் குறைந்த மணலைத் தேடவேண்டும். அதற்கும் தப்பி உள்ளே புகுந்த இரும்பைப் பெரிக் நிலையிலேயே கட்டிவைக்கவேண்டும்.

கட்டிவைக்கும் காவற்காரனாக உலகத்துச் சூரியக் கண்ணாடி ஆலைகளில் பலவும் ஆன்டிமனி என்ற உலோகத்தின் ஆக்ஸைடைச் சேர்க்கின்றன. நமது முன்னோர் கண்ணுக்கிடும் மைக்கு உபயோகித்த அஞ்சனக்கல்லில் உள்ள உலோகம் அதுவே. அது இரும்புக்குப் பிராணவாயுவைக் கொடுத்துப் பெரிக் நிலையில் நிறுத்துகிறது. உருகிய கண்ணாடியிலுள்ள குமிழிகளையும் வெளியேற்றுகிறது. ஒரு டன் கண்ணாடிக்கு இரண்டு மூன்று கிலோ போதும். அந்த இரண்டு மூன்று கிலோ பின்னால் எவ்வளவு தொல்லை கொடுக்கிறது என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்வோம்.

இவ்வாறு வார்த்த கண்ணாடியை, ஒளி சிதறிப் பிரதிபலித்து வீணாகாதபடி, வரிவரியாகப் பதித்த உருளைகளுக்கிடையே தகடாக இழுக்கிறார்கள். மேலே நுண்ணிய துளைகள் நிறைந்த சிலிகாப் பூச்சைத் தடவுகிறார்கள். பிறகு 600 டிகிரிக்கு மேல் காய்ச்சிக் குளிர்ந்த காற்றை வேகமாக ஊதுகிறார்கள். அதனால் மேற்பரப்பு இறுகி, உள்ளே இழுவிசை தங்கி, கண்ணாடி பலமடங்கு உறுதியடைகிறது. ஆலங்கட்டியைத் தாங்குவது இந்த உறுதியினால்தான். ஆனால் ஓரிடத்தில் ஆழமாக விரிசல் விழுந்தால் தகடு முழுவதும் கடலைப் பருப்பளவு துண்டுகளாக நொறுங்குவதும் இதே காரணத்தினால்தான். இதை வெட்டிச் சிறிதாக்கி வேறு வேலைக்கு உபயோகிக்க இயலாது.

பிரிப்பதில் உள்ள சங்கடம்

இத்தனை அருமையாகச் செய்த கண்ணாடி, தகட்டில் தனியாக இருப்பதில்லை. கண்ணாடி, பசைப்படலம், சிலிக்கன் வில்லைகள், மறுபடியும் பசைப்படலம், பின்புறத்தில் பிளாஸ்டிக் விரிப்பு என்று அடுக்கி, 150 டிகிரிக்குச் சமீபமான உஷ்ணத்தில் அழுத்தி ஒரே உடலாக்கிவிடுகிறார்கள். எதிலீன் வினைல் அஸிடேட் என்ற அந்தப் பசை, மெழுகைப்போல மறுபடியும் உருகிவிடும் ஜாதியன்று. காய்ச்சும்போதே அதன் இழைகள் ஒன்றோடொன்று குறுக்காகப் பின்னிக்கொள்கின்றன. போதாததற்கு, பசையில் கலந்துள்ள சிலேன் என்ற பொருள் ஒரு கையால் பசையையும் மறு கையால் கண்ணாடியின் சிலிகாவையும் இறுகப் பிடித்துக்கொள்கிறது. 25 வருஷம் மழையிலும் வெயிலிலும் பிரியக்கூடாது என்று ஏற்பட்ட உறவு அது. பிரிக்கவேண்டும் என்று நாம் நினைக்கும் நாளில் அது பிரிய மறுப்பதில் ஆச்சரியம் என்ன?

பிரிப்பதற்கு இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. முதலாவது, சட்டத்தைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் இயந்திரத்தில் போட்டு நொறுக்கிச் சல்லடையில் சலிப்பது. செலவு குறைந்த வழி. ஆனால் கண்ணாடித் தூளோடு பசையும், சிலிக்கனும், செம்பும், வெள்ளியும் கலந்தே வரும். நொறுக்கும் இரும்புச் சம்மட்டிகள் தேய்ந்து, அந்த இரும்பும் கண்ணாடியில் சேரும். இரண்டாவது, உலையிலிட்டுப் பசையை எரித்துவிடுவது. சுமார் 350 டிகிரியில் பசையிலிருந்து, காடிக்குப் புளிப்பைக் கொடுக்கும் அஸிடிக் அமிலம் புகையாகக் கிளம்பும். 500 டிகிரிக்குள் மிச்சமும் சிதைந்துபோகும். கண்ணாடி சுத்தமாக வரும். ஆனால் பின்விரிப்பில் ப்ளோரின் கலந்த பிளாஸ்டிக் இருந்தால், கண்ணாடியையே அரிக்கும் கொடிய ஹைட்ரோப்ளோரிக் அமிலம் வெளிவரும். அதைப் பிடித்து அடக்கச் சாதனங்கள் வேண்டும். மூன்றாவது, டொலுவீன் முதலிய திரவங்களில் ஊறவைத்துப் பசையை உப்பச் செய்து நீக்குவது. பெரிய தகடுகளுக்கு இது நாட்கணக்கில் நீளும், திரவமும் விஷம். நான்காவது, ஜப்பானியர் கையாளும் வழி. சுமார் 300 டிகிரிக்குக் காய்ந்த கத்தியைக் கண்ணாடிக்கும் வில்லைகளுக்கும் நடுவே செலுத்தி, கண்ணாடி உடையாமலே பிளந்துவிடுகிறார்கள். இதில் கண்ணாடி முழுசாக வருகிறது. ஆயினும் அதன்மேல் மெல்லிய பசைப் படலம் தங்கிவிடுவதால் அதைப் போக்க மற்றொரு வேலை தேவைப்படுகிறது. ஏற்கெனவே உடைந்த தகட்டுக்கு இந்த வழி எளிதில் பயன்படாது.

பிரான்ஸில் 2018ம் வருஷத்தில் ரூஸே என்ற ஊரில் சூரியத் தகடுகளுக்கென்றே ஓர் ஆலை ஏற்பட்டது. அது முக்கியமாக நொறுக்கிப் பிரிக்கும் மார்க்கத்தைப் பற்றியது. 2023ல் அதே தேசத்தில் லா மூர் என்ற ஊரில் ஏற்பட்ட மற்றோர் ஆலை, உஷ்ணத்தினால் பசையை நீக்கிச் சிலிக்கனையும் வெள்ளியையும் சுத்தமாக எடுப்பதில் கருத்துச் செலுத்துகிறது. ஐந்து வருஷ இடைவெளியில் பிறந்த இவ்விரு ஆலைகளும், எடையை மீட்பதிலிருந்து சுத்தத்தை மீட்பதை நோக்கி இத்தொழில் நகர்வதைக் காட்டுகின்றன.

உலையின் கண்டிப்பு

சுத்தம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை உலைக்குள் எட்டிப் பார்த்தால்தான் விளங்கும். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும் என்பது கண்ணாடி உலையைப் பொறுத்தவரையில் உவமையன்று, நேரான கணக்கு. ஒரு டன் சூரியக் கண்ணாடியில் 120 கிராம் இரும்பு ஆக்ஸைடு இருக்கிறதென்றால், அதிலுள்ள இரும்பு 84 கிராம். கைக்கடங்கிய நான்கைந்து திருகாணிகள் தவறிப்போய் ஒரு டன் கண்ணாடிச் சில்லோடு கலந்து உருகிவிட்டால், இரும்பு இரண்டு மடங்காகிவிடும். அந்தக் கண்ணாடி அதன் பிறகு சூரியத் தகட்டுக்கு ஆகாது.

பசை மிச்சம் இருந்தால் கெடுதல் வேறு விதமாக வருகிறது. அது கரி கலந்த பொருள். உலையில் எரியும்போது, உருகிய கண்ணாடியிலிருந்து பிராணவாயுவைப் பறித்துக்கொள்ளும். பெரிக் நிலையில் கட்டிவைத்த இரும்பு உடனே பெரஸ் நிலைக்கு இறங்கும். இரும்பின் அளவு ஒரு கிராம்கூட ஏறாமலே கண்ணாடி நிறம் மாறி, ஒளியை விழுங்க ஆரம்பிக்கும். நுரையும் குமிழியும் கிளம்பும். உலோகத் துண்டுகளின் கதையோ இன்னும் விசித்திரமானது. அலுமினியச் சட்டத்தின் சிராய் ஒன்று உருகிய கண்ணாடியில் விழுந்தால், அது சிலிகாவிலிருந்து பிராணவாயுவைப் பிடுங்கிக்கொண்டு சிலிக்கனை உருண்டையாக விட்டுவிடும். தகட்டின் வில்லையிலிருந்து வந்த சிலிக்கன் துணுக்குகளும் அப்படியே உருண்டையாகத் தங்கக்கூடும். கண்ணாடி ஆறும்போது இந்த உருண்டைகள் கண்ணாடி சுருங்குமளவு சுருங்குவதில்லை. சுற்றிலும் விரிசல் காணும். வெயிலிலிருந்து மின்சாரம் தந்த அதே சிலிக்கன், கண்ணாடிக்குள் அகப்பட்டால் கண்ணாடியின் சத்துருவாகிவிடுகிறது.

இனி ஆன்டிமனியின் தொல்லையைச் சொல்வோம். 1959ம் வருஷத்தில் இங்கிலாந்தில் பில்கிங்டன் கம்பெனியார் உலகத்துக்கு அறிவித்த முறைப்படி, இன்று ஜன்னல் கண்ணாடி முழுவதும் உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டே செய்யப்படுகிறது. வெள்ளீயம் ஆக்ஸைடாகிவிடாமல் இருக்க, அந்தத் தொட்டியின்மேல் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் நிரப்பி வைத்திருப்பார்கள். ஆன்டிமனி கலந்த கண்ணாடி அந்தத் தொட்டியில் இறங்கினால், ஆன்டிமனி ஆக்ஸைடு உலோகமாகக் குறைந்து, கண்ணாடியின் அடிப்பரப்பு சாம்பல் நிறமடைந்து மங்கிவிடுகிறது. ஆகவே உலகத்தின் மிகப் பெரிய கண்ணாடித் தொழில்களில் ஒன்றான ஜன்னல் கண்ணாடித் தொழில், சூரியத் தகட்டுச் சில்லை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. உணவும் பானமும் வைக்கும் சீசாக்களுக்கு உபயோகிக்கலாம் என்றால், ஆன்டிமனி நஞ்சாயிற்றே என்ற தயக்கம் அங்கே. ஒளி மேலும் ஊடுருவவேண்டும் என்று சேர்த்த இரண்டு மூன்று கிலோ, கண்ணாடியின் மறுபிறப்பில் இரண்டு பெரிய கதவுகளை அடைத்துவிடுகிறது.

மிஞ்சியிருப்பவை எவை? உஷ்ணத்தைத் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சு, நுரைக்கண்ணாடிக் கட்டிகள், ரஸ்தாவில் கோடு போடும் வர்ணத்தில் கலக்கும் மணிகள், கான்க்ரீட்டுக்கும் ரஸ்தாவுக்கும் ஜல்லிக்குப் பதிலாகப் போடும் நிரப்பு ஆகியவையே. இவற்றில் முதலாவது கௌரவமான உபயோகம்; கடைசியானது அருமையான பொருளை மண்ணில் புதைப்பதற்கு மரியாதையான பெயர்.

இந்த நஷ்டம் சாமானியமானதன்று. கண்ணாடிச் சில்லு மணலைவிடச் சுலபமாக உருகும். உலையில் போடும் பொருளில் 100க்கு 10 பங்கு சில்லாக இருந்தால், எரிபொருள் ஏறக்குறைய 100க்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மீதமாகும். ஒரு டன் சில்லு 1.2 டன் மூலப்பொருளுக்குச் சமம். ஏனெனில் சோடாவும் சுண்ணாம்புக்கல்லும் உருகும்போது அவற்றிலுள்ள கரியமில வாயு ஆகாயத்துக்குப் போய்விடும். சில்லில் அந்த வாயு முன்பே வெளியேறிவிட்டது. அதற்கெல்லாம் மேலாக, இரும்பு குறைந்த மணல் எங்கும் கிடைப்பதில்லை. அதைத் தோண்டி, கழுவி, காந்தத்தால் இரும்பு நீக்கி, ஒரு முறை உழைத்துச் சுத்தம் செய்தோம். அந்த உழைப்பு முழுவதும் பழைய தகட்டின் கண்ணாடியில் தங்கியிருக்கிறது. அதை ரஸ்தாவில் கொட்டிவிட்டு, மறுபடியும் மலையிலிருந்து ஆரம்பிப்பது எந்த விதத்தில் சிக்கனமாகும்?

எடையா, தரமா?

இங்கேதான் சட்டம் செய்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். ஐரோப்பிய யூனியனார் 2012ம் வருஷத்தில் மின்சாரக் கழிவுச் சட்டத்தைத் திருத்தி, சூரியத் தகடுகளையும் அதில் சேர்த்தார்கள். சட்டம் செய்ததில் அவர்கள் முன்னோடிகள். அந்தக் கீர்த்தியை நாம் குறைக்க விரும்பவில்லை. அச்சட்டத்தின்படி, தகட்டின் எடையில் 100க்கு 85 பங்கு மீட்கப்படவேண்டும். 80 பங்கு மறுபடியும் உபயோகத்துக்கோ உருமாற்றத்துக்கோ போகவேண்டும். பார்வைக்கு இது கண்டிப்பான விதியே. ஆனால் கண்ணாடியும் அலுமினியமும் மட்டும் சேர்ந்தாலே ஏறக்குறைய அந்த எடை வந்துவிடுகிறது. சட்டத்தைக் கழற்றி விற்று, கண்ணாடியை நொறுக்கித் தாழ்ந்த உபயோகம் எதற்காவது கொடுத்துவிட்டால், எடைக் கணக்கு அநேகமாக நிறைந்துவிடும். வெள்ளி போனாலும், சிலிக்கன் போனாலும், கண்ணாடி தன் பதவியை இழந்து ஜல்லியானாலும், தராசு அதைக் காட்டிக்கொடுக்காது. தராசு எடையை அறியும், தரத்தை அறியாது.

"செலவு கட்டாதே" என்று ஆட்சேபிப்பவர் உண்டு. அந்த ஆட்சேபம் அர்த்தமற்றதென்று நாம் சொல்லமாட்டோம். கண்ணாடி கனமான பொருள், விலை மலிந்தது. ராஜஸ்தானத்திலிருந்து ஒரு லாரி நிறையத் தகடுகளை நெடுந்தூரம் கொண்டுபோனால், சில்லின் விலையை வண்டிக்கூலி விழுங்கிவிடும். ஆனால் இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம், கண்ணாடியைக் கைவிடவேண்டும் என்பதன்று. பிரிக்கும் ஆலையும் உருக்கும் உலையும் தகடுகள் விழும் பிரதேசத்துக்கு அருகிலேயே அமையவேண்டும் என்பதே. கழிவில் பெரும்பங்கு விழப்போகும் ராஜ்யங்கள் எவை என்பது இப்போதே தெரிந்திருக்கும்போது, இடம் தேர்ந்தெடுக்க ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. மேலும், சுத்தமான சில்லுக்கு ஒரு விலை, அழுக்கான சில்லுக்கு ஒரு விலை என்பது தொழிலறிந்தவர் அனைவருக்கும் தெரியும். சுத்தப்படுத்தினால்தான் விலை ஏறும். விலை ஏறினால்தான் வண்டிக்கூலி கட்டும்.

நமது தேசத்தின் நிலைமை

நமது சர்க்கார் 2022ம் வருஷம் நவம்பரில் பிரசுரித்து 2023 ஏப்ரல் முதல் அமுலுக்குக் கொண்டுவந்த மின்னணுக் கழிவு விதிகளில், சூரியத் தகடுகளுக்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்கள். தகடு செய்கிறவர்கள், தங்கள் தகடுகளின் கழிவை 2034-35ம் வருஷம் வரையில் சேமித்து வைக்கவேண்டும் என்பது அதன் முக்கியமான ஷரத்து. எந்தப் பொருளை எவ்வளவு மீட்கவேண்டும் என்பதை மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் வகுக்கவேண்டும் என்பது மற்றொரு ஷரத்து. சேமித்து வைக்கவேண்டும் என்ற விதியைச் சிலர் தாமதம் என்று குறை கூறலாம். நாம் அதை ஓர் அவகாசம் என்று கருதுகிறோம். ஆனால் அவகாசம் என்பது தூங்குவதற்கு அன்று. தகடுகளைக் குவித்து உடைத்து, மழையில் போட்டு, ரகம் பார்க்காமல் கலந்து வைத்தால், 2035ல் நம் கையில் இருப்பது சேமிப்பு ஆகாது, குப்பைமேடே ஆகும். உடையாமல் அடுக்கி, ரகவாரியாகப் பிரித்து வைத்தால் அது கண்ணாடிச் சுரங்கமாக இருக்கும்.

ரகவாரி என்பதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிலிக்கன் தகடுகள் அல்லாமல், காட்மியமும் டெல்லூரியமும் சேர்ந்த மெல்லிய படலத் தகடுகளும் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் 2024ம் வருஷம் ஜனவரியில் திறக்கப்பட்ட பெரிய தொழிற்சாலை அந்த ரகத்தைச் செய்கிறது. அந்தக் கம்பெனியார் தங்கள் தகடுகளைத் தாங்களே திரும்பப் பெற்றுப் பிரிக்கும் முறையை வெகு காலமாகக் கையாண்டு வருகிறார்கள். ஆனால் அத்தகடுகள் தவறிப்போய்ச் சிலிக்கன் தகடுகளோடு சேர்ந்து நொறுங்கினால், காட்மியம் எல்லாச் சில்லையும் கெடுத்துவிடும். சமீப காலத்துச் சிலிக்கன் தகடுகளில் பலவும் முன்னும் பின்னும் கண்ணாடி உடையவை. அவற்றில் ப்ளோரின் விரிப்பு இல்லை என்பது நன்மை. கண்ணாடியின் பங்கு இன்னும் அதிகம். பின்கண்ணாடியில் அச்சிட்ட வெள்ளைப் பூச்சு தனியே கவனிக்கவேண்டிய விஷயம்.

மற்றொரு புறத்தில் நடப்பதைப் பாருங்கள். சூரியக் கண்ணாடியைச் சீனாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் ஏராளமாகத் தருவித்து வந்திருக்கிறோம். நியாயமற்ற மலிவு விலைக்கு வந்து குவிகிறதென்று கண்டு, 2024ம் வருஷம் டிசம்பரில் சர்க்கார் அவ்விரு தேசத்துச் சரக்கின்மேல் தற்காலிகமாகத் தீர்வை விதித்தார்கள். ஆன்டிமனி உற்பத்தியில் உலகத்தில் முதன்மை வகிக்கும் சீனா, 2024 செப்டம்பர் முதல் அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு ஏற்படுத்தியது. ஆகக் கண்ணாடிக்கும் அன்னியரைப் பார்க்கிறோம். கண்ணாடியில் சேர்க்கும் உலோகத்துக்கும் அன்னியரைப் பார்க்கிறோம். அதே சமயத்தில் நம் வெளிகளில் நிற்கும் கோடிக்கணக்கான தகடுகளில் உயர்ந்த கண்ணாடி தலைக்குமேல் இருக்கிறது. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமோ?

நம்மவருக்குத் திறமை இல்லையென்று சொல்ல இடமில்லை. குஜராத்தில் பரூச்சுக்கு அருகில் 2010ம் வருஷத்திலேயே சூரியக் கண்ணாடி செய்யத் துவங்கிய போரோஸில் ஆலையார், ஆன்டிமனி சேர்க்காமலே அக்கண்ணாடியைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆன்டிமனி தவிர்க்கமுடியாத தீமை அன்று என்பதற்கு இதுவே போதிய அத்தாட்சி. கல்கத்தாவில் 1950ம் வருஷத்தில் திறக்கப்பட்ட மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சிக் கழகம் இன்றும் பணி புரிகிறது. அதற்கெல்லாம் முன்பே, 1908ல், பூனாவுக்கு அருகில் தளேகாவில் ஆளுக்கு ஒரு பைசாவாக வசூலித்த நிதியைக் கொண்டு கண்ணாடித் தொழிற்சாலை ஏற்படுத்தியவர்கள் நம் தேசத்தார். லோகமான்ய திலகரின் ஆதரவு பெற்ற அந்தப் பைசா நிதி ஆலை, கண்ணாடி ஊதும் வித்தையைப் பல இளைஞர்களுக்குக் கற்பித்தது. ஒரு பைசாவை வீணாக்காதே என்று சொன்ன தலைமுறையின் வாரிசுகள் நாம்.

செய்யவேண்டியவை

நாம் கேட்பவை நான்கு. முதலாவதாக, மீட்கவேண்டிய அளவை வகுக்கும்போது எடையை மட்டும் பாராமல், தரத்தையும் பார்க்கவேண்டும். சில்லு மறுபடியும் தகட்டுக் கண்ணாடியாயிற்றா, கண்ணாடிப் பஞ்சாயிற்றா, ஜல்லியாயிற்றா என்பதைப் பிரித்து எழுதவேண்டும். ஜல்லிக்கும் கண்ணாடிக்கும் ஒரே மதிப்பெண் கொடுப்பது அநியாயம். இரண்டாவதாக, ஒவ்வொரு தகட்டின் முதுகிலும் அதன் கண்ணாடியில் ஆன்டிமனி உண்டா, பின்விரிப்பில் ப்ளோரின் உண்டா என்பதை அழியாதபடி எழுதச் செய்யவேண்டும். 25 வருஷத்துக்குப் பிறகு அதைத் திறக்கிறவனுக்கு நாம் இன்று எழுதும் கடிதம் அது. மூன்றாவதாக, சர்க்காரும் மின்சார வாரியங்களும் தகடு வாங்கும் ஒப்பந்தங்களில் ஆன்டிமனி இல்லாத கண்ணாடிக்கு முன்னுரிமை கொடுக்கவேண்டும். நான்காவதாக, கழிவு மிகுதியாக விழும் ராஜ்யங்களில் உடையாமல் சேமிக்கும் கிடங்குகளும், அவற்றுக்கு அருகில் பிரிக்கும் ஆலைகளும் ஏற்படவேண்டும்.

பிரிப்பதற்கு எளிதாகவே தகட்டை ஆரம்பத்தில் செய்யலாமே என்ற யோசனையும் பிறந்துவிட்டது. அமெரிக்காவில் தேசீயப் புதுப்பிப்பு எரிசக்தி ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த விஞ்ஞானிகள், பசையே இல்லாமல், மிகக் குறுகிய லேஸர் ஒளித் துடிப்புகளால் கண்ணாடியைக் கண்ணாடியோடு ஒட்டவைக்கலாம் என்று 2024ல் சோதித்துக் காட்டினார்கள். சோதனைச்சாலையிலிருந்து தொழிற்சாலைக்கு வர அதற்குக் காலம் ஆகலாம். ஆனால் எண்ணம் சரியானது. பிறக்கும்போதே பிரிவை நினைத்துச் செய்த தகடு, பிரியும்போது எவருக்கும் பாரமாவதில்லை.

இவ்விஷயம் நிபுணர்களுக்கு மட்டும் உரியதென்று பொதுஜன ஊழியர்கள் ஒதுங்கிவிடலாகாது. முனிசிபாலிட்டியின் கூரையிலும், பள்ளிக்கூடத்தின் மாடியிலும், வயலின் பம்ப் செட்டுக்குப் பக்கத்திலும் இன்று தகடுகள் நிற்கின்றன. அவற்றை வாங்கும் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து, "இதன் கண்ணாடியில் என்ன கலந்திருக்கிறது? ஆயுள் முடிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வார் யார்?" என்று ஒரு சபையில் ஒருவர் எழுந்து கேட்டால் போதும், பதில் சொல்லவேண்டிய கடமை மறுபக்கத்தில் உள்ளவர்களுக்கு வந்துவிடும். சூரியன் கொடுப்பதற்கு விலை கேட்பதில்லை. அவன் ஒளியை ஏந்திய பாத்திரத்தைக் குப்பையில் எறியாமல் காப்பது நம் பொறுப்பு. 2034-35 வரையில் சட்டம் நமக்குத் தவணை கொடுத்திருக்கிறது. தவணை முடியும் நாளில் நம் கையில் கண்ணாடி இருக்குமா, ஜல்லி இருக்குமா என்பது இப்போது நாம் செய்யும் ஏற்பாட்டைப் பொறுத்தது.